கௌசல்யா பேரில் வந்த செல்வி

"இது கௌசல்யா இல்லை."

கல்வி அதிகாரி இதைச் சொன்னபோது என் கையில் சாம்பார்க் கரண்டி இருந்தது. இட்லிக்கு நின்ற பிள்ளைகளின் வரிசை அப்படியே அசையாமல் நின்றது. தகரக் கொட்டகைக்குள் மூடுபனி தன் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. ஈரத் துணி வாசனையும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழுத்து விழுந்த பலாவின் வாசனையும் சாம்பாரோடு கலந்து வந்தன.

அதிகாரியின் ஒரு கையில் வருகைப் பதிவேடு. இன்னொரு கையில் செல்போன். போனில் ஒரு பெண்ணின் படம். படத்தைப் பார்த்தார், எதிரே தட்டோடு நின்ற பெண்ணைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"உன் பேர் என்னம்மா?"

பெண் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். ஒன்பது நாளாகக் காலையிலும் மாலையிலும் "கௌசல்யா" என்று கூப்பிட்டதற்கெல்லாம் "உள்ளேன் ஐயா" சொன்ன பெண் அது.

"கேக்கறேன் இல்ல. உன் சொந்தப் பேர் என்ன?"

"செல்விங்க" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எனக்கு ரெண்டு இட்லி போதுமுங்க" என்றாள்.

மேல் அதிகாரி குரலை உயர்த்தி நிற்கும்போது இட்லிக் கணக்குச் சொல்கிற பிள்ளை. நான் நாலு வைத்தேன்.

நான் யார் என்று கேட்பவர்களுக்கு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். அதிலும் முழுசாக முடித்தது இரண்டு. காப்பிப்பழக் கூடையோடு ஆரம்பித்து, டீக்கடை போட்டு, மெஸ் வைத்து, ஏரி ரோட்டில் பன்னிரண்டு அறை லாட்ஜ் கட்டியவள். போன வாரம் அந்த லாட்ஜ் கதையைப் படித்துவிட்டு ஒருவர், "அம்மாவுக்குத் தற்பெருமை அதிகம்" என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். ஆமாம், அதிகம்தான். நானே கட்டினதை நான் சொல்லாமல் அவர் வந்தா சொல்லப்போகிறார்?

ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்த அதிகாரிகளில் என் மெஸ்ஸில் சாப்பிடாதவர் கிடையாது. இருந்திருந்தால் அவர் பட்டினியாக இருந்திருப்பார். அதனால்தான் மாவட்டத்துக் கல்வி அதிகாரிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலைமேல் கோடை முகாம் நடத்துவது என்று முடிவு செய்ததும், சமையல் யார் என்ற கேள்வியே வரவில்லை.

கொரோனா அடங்கி எல்லோரும் முகத்துணியைக் கழற்றிவிட்ட பிறகு வந்த ஒரு மே மாசம் அது. கீழே சேலத்தில் வெயில் ஆளைப் பிழிந்துகொண்டிருந்தது. பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்கின. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வெளுத்த முகங்கள். பத்து நாள் முகாம். அறிவியல், ஓவியம், கம்ப்யூட்டர், மேடையில் நின்று பயப்படாமல் பேசுவது. கடைசி நாளில் தேர்வான எட்டுப் பேரை அறிவிப்பார்கள். அந்த எட்டுப் பேருக்கும் சேலத்தில் ஒரு மாசம் அடுத்த முகாம். அங்கே தேறினால் விடுதியோடு நல்ல பள்ளியில் இடம். கூலிக்காரர் ஊட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்று மூன்றாம் வகுப்பில் நின்ற எனக்குத் தெரியும்.

முகாம் நடந்தது எங்கள் மலையில், ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில். எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு இடம், பள்ளிக்கு ஒன்று. வாழவந்தியில் ஒன்று, மாரமங்கலத்தில் ஒன்று, இப்படி. கிணறு நம்முடையது, குடம் அவர்களுடையது. இதை முதல் நாளே அதிகாரியிடம் சொன்னேன். "மேல இருந்து வந்த உத்தரவும்மா" என்றார். நாங்கள் இருப்பதே மேலேதான், இதற்கும் மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார்.

எனக்கு முன்பே தெரியும்

மாரமங்கலம் பள்ளியிலிருந்து பட்டியலில் வந்த பேர் கௌசல்யா. ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். முதல் நாள் வந்து, பை வாங்கி, தொப்பி வாங்கி, சாயங்காலம் துணிமணி எடுத்துவர ஊட்டுக்குப் போனாள். போன இடத்தில் அப்பாவுக்கு ஒத்தாசையாக கொடியில் மீந்திருந்த மிளகைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்து, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் அதே பையோடும் அதே தொப்பியோடும் இறங்கியது அவள் தங்கை செல்வி.

முகாமில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே நாள் பார்த்த முகம். பொறுப்பாக இருந்த சுதா டீச்சர் ஏற்காட்டுப் பள்ளிக்காரர், மாரமங்கலத்துப் பிள்ளைகளை அவருக்குப் பழக்கமில்லை. பேரைக் கூப்பிட்டால் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரியும். அவர்கள் அம்மா மாதம்மா சீசனில் என் மெஸ்ஸில் பாத்திரம் கழுவ வருகிறவள். ரெண்டு பெண்களையும் கையில் தூக்கியிருக்கிறேன். தெரிந்தும் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகவே எனக்குப் படவில்லை. அது ஏன் என்பதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

செக்ரோலில் நின்ற பேர்

எஸ்டேட்டில் செக்ரோல் என்று ஒரு நீள நோட்டு உண்டு. விடிந்ததும் ரைட்டர் அதை விரித்துவைத்துப் பேர் கூப்பிடுவார். கூப்பிட்ட பேருக்குக் குரல் வரவேண்டும். மூன்று நாள் குரல் வராவிட்டால் பேரில் சிவப்பு மை. பேர் போனால் வேலை போச்சு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் ஊடும் போச்சு.

அதனால் எங்கள் ஜனங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பேருக்கு உரியவள் காய்ச்சலில் படுத்தால் தங்கை போவாள். பிரசவத்துக்குப் போனால் நாத்தனார் போவாள். போனவள் அவளுடைய பேருக்கே குரல் கொடுத்து, அவளுடைய நிரையிலேயே பழம் பறித்து வருவாள். ரைட்டருக்கும் தெரியும். "பெருமாயி, நேத்து குட்டையா இருந்தே, ஒரே ராத்திரியில வளந்துட்டயே" என்பார். எல்லோரும் சிரிப்போம். நிரை காலியாக இல்லை, பழம் கூடைக்கு வந்துவிட்டது. இதில் யார் யாரை ஏமாற்றியது?

அந்தப் பெருமாயி என் அக்கா. அவளுக்கு முதல் குழந்தை பிறந்தபோது அவள் பேருக்குப் போனவள் நான். எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். ரெண்டு மாசத்துக்கு என்று போனேன். அக்காவுக்குக் குழந்தைகள் வரிசையாகப் பிறந்தன. நான் கல்யாணமாகி எஸ்டேட்டை விட்டு வரும்வரை செக்ரோலில் பெருமாயியாகவே இருந்தேன். பழம் பறிப்பதில் அந்த எஸ்டேட்டில் என்னை முந்த ஆள் கிடையாது. அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் கூடையை இறக்கமாட்டேன். துரை பங்களாவரைக்கும் பெருமாயி பேர் போனது.

இப்படிப் பழகிய ஜனம்தான் மாதம்மா. பெரியவள் காலை உடைத்துக்கொண்டாள், பேர் விட்டுப்போகக்கூடாது, சின்னவளைப் பஸ் ஏற்றிவிட்டாள். அவள் கணக்கில் அது நாணயம். பையும் தொப்பியும் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பாமல் இருப்பதுதான் திருட்டு.

செல்வி பள்ளிக்கூடத்தில் இல்லாத பிள்ளை. கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடினார்களே, அப்போது வீட்டில் நின்றவள். மறுபடி திறந்தபோது அவள் இடுப்பில் தம்பிப் பயல் இருந்தான். பெரியவள் மட்டும் போனாள். சின்னவள் தம்பியைப் பார்த்தாள், மாடு பார்த்தாள், மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அப்பா பேர் சின்னப்பையன், எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களைக் கழிக்கிறவன்.

குனிந்து பார்த்த மரம்

முகாமின் ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கீழ்நாட்டிலிருந்து ஒரு பயிற்சியாளர் தம்பி வந்திருந்தார். நல்ல பையன், என் கொள்ளுக் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கினவர். பள்ளி மைதான ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், நெட்டுக்குத்தாக நிற்கும். அதன் உயரத்தை மரம் ஏறாமல் கண்டுபிடிக்கவேண்டும் என்றார். ஒரு குச்சியை நட்டு, குச்சியின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்து கணக்குப் போடும் வழியைப் பலகையில் எழுதிக் காட்டினார்.

பிள்ளைகள் குச்சியும் டேப்புமாக வெளியே வந்தால், பனி இறங்கி மைதானத்தை மூடிக்கொண்டுவிட்டது. மரம் உச்சிவரை மங்கலாகத் தெரிகிறது, நிழல்தான் இல்லை. கீழ்நாட்டுக் கணக்கு எங்கள் மலையில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"வெயில் வரட்டும், நாளைக்குப் பாக்கலாம்" என்றார் தம்பி.

"நாளைக்கும் இப்படித்தானுங்க சார் இருக்கும்" என்றாள் செல்வி. "நான் பாத்துச் சொல்லட்டுங்களா?"

மரத்தடியிலிருந்து நேராக நடந்தாள். கொஞ்ச தூரம் போய், மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து, ரெண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டு மரத்து உச்சியைப் பார்த்தாள். பிள்ளைகள் ஓவென்று சிரித்தன.

"ஏய், தலைகீழா நின்னா மரம் பேசுமா?" என்றான் ஆத்தூர்ப் பையன் ஒருவன்.

"உன்னயாட்டம் சும்மா பேசாது" என்றாள் குனிந்தபடியே. இன்னும் நாலு அடி தள்ளிப் போய்க் குனிந்தாள். பிறகு உச்சி சரியாகக் கண்ணில் படும் இடத்துக்கு ஓரடி மரத்தை நோக்கி வந்தாள். குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தாள். "இங்கிருந்து மரத்தடி வரைக்கும் டேப்பு புடிங்க சார். அதுதானுங்க உசரம்."

நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். மரம் கழிக்கிற எங்கள் ஆட்கள் செய்கிற வேலை அது. மரத்தைச் சாய்த்தால் உச்சி எதுவரைக்கும் வந்து விழும் என்று அவர்களுக்குத் தெரிந்தாகவேண்டும். தப்பினால் கீழே காப்பிச் செடி நசுங்கும், ஆளும் நசுங்குவான். கஞ்சி கொண்டுபோன இடத்தில் பிள்ளை பார்த்து வைத்திருக்கிறது.

தம்பி டேப்பு பிடித்தார். அறுபது அடிக்கு ஓரடி குறைவு. அவர் விடவில்லை. சாயங்காலம் பனி விலகியதும் ஒருவனைக் கயிறோடு மரத்தில் ஏற்றி அளந்தார். கயிறு சொன்னதும் செல்வி சொன்னதும் ஒரு முழத்துக்குள் இருந்தன. பிறகு அவர் பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, குனிந்து பார்க்கும்போது உயரமும் தூரமும் ஏன் சமமாகிறது என்று விளக்கினார். சிரித்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாகக் குனிந்துகொண்டிருந்தன. ஆத்தூர்ப் பையன்தான் முதலில்.

அந்த எட்டுப் பேர் பட்டியலில் முதல் பேராக "கௌசல்யா, மாரமங்கலம்" ஏறியது அன்றைக்குத்தான். அடுத்த முகாமுக்கான படிவம் நிரப்ப, கடைசி நாள் காலை அதிகாரி போனில் பள்ளிப் பதிவைத் திறந்தார். படம் வந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

கொட்டகையில் வழக்கு

"இது ஆள்மாறாட்டம்" என்றார் அதிகாரி. "ரெண்டு பேரையும் நீக்கிடுவேன். அந்தப் பள்ளிக்கும் விளக்கம் கேட்டு எழுதவேண்டியிருக்கும்."

சுதா டீச்சர் முகம் செத்துப்போயிற்று. நான் கரண்டியை வைத்தேன்.

"ஏனுங்க சார், மாறாட்டம் எங்க இருக்குது? ஆள் அனுப்பியிருக்காங்க."

"அம்மா, நீங்க சமையலைப் பாருங்க."

"சமையல் ஆயிப்போச்சுங்க. இப்ப இதைத்தான் பாக்கோணும்."

அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன் என்று நான் மிரட்டியிருக்கலாம். செய்யவில்லை. பிள்ளைகள் வயிற்றை வைத்துப் பேரம் பேசி நான் பெரிய ஆளாகவில்லை. எல்லாத் தட்டிலும் இட்லி விழுந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மாதம்மாவுக்கு ஆள் போயிற்று. பத்தரை மணி பஸ்ஸில் அவளும், காலில் துணி சுற்றி நொண்டிக்கொண்டு கௌசல்யாவும், இடுப்பில் தம்பிப் பயலுமாக வந்தார்கள்.

"ஏம்மா, இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பேரு காலியா நிக்கக்கூடாதுன்னு ஆளு அனுப்புனேனுங்க" என்றாள் மாதம்மா. அவர் ஏன் கோபப்படுகிறார் என்றே அவளுக்கு விளங்கவில்லை. "சும்மா இல்லீங்க சாமி, ஒரு நாள் தவறாம அனுப்பியிருக்கறேன்."

அங்கேதான் நான் எழுந்தேன். என் கதை முழுவதையும் சொன்னேன். செக்ரோல், ரைட்டர், பெருமாயி எல்லாம். "பத்து வருசத்துக்கு மேல இன்னொருத்தி பேர்ல நின்னவளுங்க நான். எஸ்டேட்டுல நொம்ப காலம் வேல செஞ்சவங்களுக்குப் பங்களாவுல கூப்பிட்டுச் சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. பெருமாயின்னு கூப்பிட்டாங்க, எங்கக்கா போய் வாங்கிட்டு வந்தா. நான் சண்டை போடலீங்க. பேருக்கு ஆள் போறதும், வர்றது பேருக்குப் போறதும் எங்க நாணயம். இதுல திருட்டு எங்க இருக்குது?"

நன்றாகப் பேசினேன். நான் பேசினால் நன்றாகத்தான் பேசுவேன். பிள்ளைகள் கைதட்டின.

அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. தலைவலி வேண்டாம் என்கிற மனுஷர். பதிவேட்டில் அந்தப் பேரை விரலால் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சரிம்மா. உங்க வழக்கப்படியே வெச்சுக்குவோம். வர்றது பேருக்குத்தானே? பட்டியல்ல இருக்கிறது கௌசல்யா. கௌசல்யாவே சேலத்துக்குப் போகட்டும். பேர் சரி, படம் சரி, பதிவு சரி. யார் மேலயும் நடவடிக்கை இல்லை."

கொட்டகை முழுக்க ஒரு மூச்சு விட்டது. சுதா டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாதம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் "அதாஞ் சரி" என்றேன்.

ஆமாம், சொன்னேன். என் பெருமையை எழுதுகிற கையாலேயே இதையும் எழுதுகிறேன்.

செல்வி கேட்ட கேள்வி

அதுவரை அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுவின தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா" என்றாள் என்னிடம். "அந்தக் கடிகாரம் இப்ப யாரு ஊட்டுல இருக்குதுங்க?"

"எங்கக்கா ஊட்டுல."

"நீங்க போய்ப் பாப்பீங்களா?"

அக்கா ஊட்டுக்கு நான் போனால் எந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இத்தனை வருஷத்தில் அதை எங்கள் ஊட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட்டுவிட்டது.

திரும்பி அதிகாரியைப் பார்த்தேன்.

"சார், நான் சொன்னது தப்புங்க. அந்த வழக்கம் பேரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. மரத்தை அளந்தவ இவ. இவதான் போகோணும்."

"என்னம்மா, இப்பத்தானே வேற மாதிரி..."

"இப்பத்தான். அதுக்குள்ள மாத்திக்கிட்டேன். பேசுன வாய் என்னுதுதானுங்க."

மாதம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, கெடுக்காதீங்க. பெரியவளாவது போகட்டும்."

"நான் போவல" என்றது ஒரு குரல். கௌசல்யா. பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள். "அங்க போனதும் என்னைய ஒரு மரத்தை அளக்கச் சொன்னா நான் என்னத்தைக் குனியறது? நான் பத்தாவது இங்கயே படிச்சுக்கறேன். என் பேர அடிச்சுடுங்க சார்."

அதிகாரி பேனாவை எடுத்து அந்தப் பேரை அடித்தார். "அடிச்சாச்சு. ஆனா இந்தப் பொண்ணை நான் எங்க எழுதறது? எந்தப் பள்ளியிலயும் இல்லாத பிள்ளை."

அப்போதுதான் சுதா டீச்சர் வாயைத் திறந்தார். ஒன்பது நாளும் அதிகாரி முன்னால் தலை நிமிராத டீச்சர். "சார், நின்னுபோன பிள்ளைங்க பட்டியல்ல இவ பேர் இருக்கும். அம்மா கையெழுத்துப் போட்டா இப்பவே எங்க பள்ளிக்கூடத்துல எட்டாவதுல சேத்துக்கறேன். போன்லயே ஏத்திடலாம்."

எல்லோரும் மாதம்மாவைப் பார்த்தோம். அவள் இடுப்பிலிருந்த பயலைப் பார்த்தாள்.

"இவன யாரு பாக்கறது?"

அதுதான் கேள்வி. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையின் படிப்பை மடக்கி வைத்திருந்தது அந்த ஒரு கேள்விதான்.

"காலு ஆறுற வரைக்கும் நான் பாக்கறேன்" என்றாள் கௌசல்யா. "அப்பறம் பால்வாடியில வுடு. மூணு வயசாச்சு, இன்னும் இடுப்புலயே வெச்சுட்டு இருக்கறே."

பயல் மாதம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். பிறகு அவனைத் தூக்கிப் பெரியவள் மடியில் வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்தாள். எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

சுதா டீச்சர் போனைத் தட்டினார், மலையில் சிக்னல் போனது, மைதானத்துக்கு ஓடினார், மறுபடி தட்டினார். "ஏறிடுச்சு சார்" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பள்ளியில சேர்த்தது வேற, தேர்வு வேற" என்றார் அதிகாரி எழுந்தபடி. "கௌசல்யா பேரை அடிச்சாச்சு. மூணு மணிக்கு நிறைவு விழா. ஏழு பேரைத்தான் கூப்பிடுவேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

போய்விட்டார். செல்வி கழுவின தட்டை அடுக்கில் வைத்தாள்.

மூன்று மணிக்கு

படித்தவர்கள் சிலர் இந்த வாரமும் கடிதம் எழுதுவார்கள். விதி என்று ஒன்று இல்லையா என்பார்கள். இருக்கிறது. விதிக்குப் பயந்திருந்தால் நான் இன்றைக்கும் பெருமாயியாகத்தான் இருந்திருப்பேன். எழுதட்டும்.

விழாவுக்குப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். காகிதத் தோரணம் ஈரத்தில் தொங்கிப்போயிருந்தது. நான் கேசரிப் பாத்திரத்தோடு வாசல் ஓரம் நின்றேன். மாதம்மாவும் கௌசல்யாவும் கடைசி வரிசையில். செல்வி மாரமங்கலத்துக்கு ஒதுக்கிய நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள்.

அதிகாரி மைக்கில் பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிள்ளை ஏறிச் சான்றிதழ் வாங்கி வரிசையாக நின்றது. ஆத்தூர்ப் பையன் நான்காவது. ஏழாவது பேரோடு காகிதத்தை மடித்தார். மேசைமேல் ஒரு சான்றிதழ் மீதி கிடந்தது.

செல்வி நடந்தாள். ஓடவில்லை, தயங்கவும் இல்லை. வெறுங்காலோடு படியேறி, ஏழாவது பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் விட்டு நிற்காமல் ஒட்டி நின்றாள்.

அதிகாரி குனிந்து மெதுவாகத்தான் கேட்டார். மைக் அவர் வாயருகே இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"உன் பேரைக் கூப்பிடலையேம்மா."

"கூப்பிடலீங்க சார்" என்றாள் செல்வி. "பேரு இல்லீங்க. ஆளு வந்திருக்கறேன்."

கூரைத் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. ஆத்தூர்ப் பையன் வரிசையில் ஓரடி நகர்ந்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

அதிகாரி அந்த மீதிச் சான்றிதழை எடுத்தார். அதில் அச்சடித்திருந்த பேரைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். மடித்த காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இனிஷியல் என்ன?"

செல்வி பதில் சொல்வதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கூடத்தையே தாண்டிப் போயிற்று. என் மெஸ்ஸில் இத்தனை சீசன் பாத்திரம் கழுவியும் நான் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"சின்னப்பையன் மவளுங்க சார்" என்றாள் மாதம்மா. "சி போடுங்க. தெளிவா போடுங்க."